எதிர்மனுதாரர்: சென்னை ராஜ்யம்

வக்கீல் குமாஸ்தாவுக்குச் சட்டத் தத்துவமெல்லாம் பிறகுதான். மனு கைக்கு வந்ததும் அவன் கண் போகிற இடம், எதிர்மனுதாரர் யார் என்ற வரி. எத்தனை நகல் எடுப்பது, எந்த ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்குவது, எந்த மேஜையில் கால் கடுக்க நிற்பது எல்லாம் அந்த வரியைப் பொறுத்தது. இரும்புலியூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடந்து, மீட்டர்கேஜ் மின்ரயிலில் கோட்டை வரை உட்கார்ந்தே போய் (தாம்பரத்தில் ஏறுகிறவனுக்குக் கடவுள் கொடுத்த ஒரே சலுகை), ஹைகோர்ட்டில் ஒரு சீனியரிடம் ஆயுளில் பாதியைக் கழித்தவன் நான். அவர் கேட்கிற தீர்ப்புத் தொகுப்புகளைத் தூசி தட்டி எடுத்துவைப்பதும் என் வேலை. தனிமனித சுதந்திரம் என்று வாதம் வந்தால் எடுக்கவேண்டிய பழைய தொகுதிகள் எனக்கு மனப்பாடம். அவற்றில் ஒரு விசேஷம் உண்டு. மனுதாரர் மாறுவார், எதிர்மனுதாரர் மாறமாட்டார். ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை ராஜ்யம். ரமேஷ் தாப்பர் எதிர் சென்னை ராஜ்யம். வி.ஜி. ராவ் வழக்கில் மட்டும் பெயர்கள் இடம் மாறி, சென்னை ராஜ்யம் எதிர் வி.ஜி. ராவ் என்று இருக்கும். ஹைகோர்ட்டில் தோற்ற அரசு, தானே மேல்முறையீட்டுக்குப் போனதால் வந்த மாற்றம் அது.

மூன்றும் ஒரே மாதத்தில் முளைத்தவை. 1950 ஜனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. பேச்சுரிமை, சங்கம் வைக்கும் உரிமை, உயிருக்கும் உடலுக்குமான சுதந்திரம் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மார்ச் 1ஆம் தேதி சென்னை அரசு இரண்டு வேலை செய்தது. ஏற்கெனவே காவலில் இருந்த கோபாலனிடம் புதிய தடுப்புக்காவல் சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவைக் கொடுத்தது. பம்பாயில் அச்சாகிக்கொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் இந்த ராஜ்யத்துக்குள் வரக்கூடாது என்று தடை போட்டது. மார்ச் 10ஆம் தேதி, 'மக்கள் கல்விச் சங்கம்' சட்டவிரோதமானது என்று அறிவித்தது. அதன் பொதுச்செயலாளர்தான் ராவ். உரிமைச் சாசனத்துக்கு அப்போது ஒன்றரை மாத வயதுகூட ஆகவில்லை.

அரசுக்குப் பயம் வர முகாந்திரம் இல்லாமலில்லை. கம்யூனிஸ்டுகள் 1948 கல்கத்தா மாநாட்டுக்குப் பின் ஆயுதப் புரட்சிப் பாதையில் இருந்தார்கள். தெலங்கானா பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. 1949இல் இந்த ராஜ்யம் அந்தக் கட்சியைத் தடைசெய்தது. ஆனால் 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்ததற்கு எந்தப் பயமும் சமாதானம் ஆகாது. கைதிகள் மேல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 22 பேர் செத்தார்கள். முதலமைச்சர் பி.எஸ். குமாரசாமி ராஜா காந்தியவாதி. அந்த மந்திரிசபையும் அதன் கட்சியும் வெள்ளைக்காரன் சிறையைப் பார்த்துவிட்டு வந்தவை. சாவி கை மாறியிருந்தது, பூட்டு பழையதே. ராவின் சங்கத்தைத் தடைசெய்யப் பயன்பட்டதுகூட 1908இல் வங்கப் புரட்சிக்காரர்களை நினைத்துப் போட்ட குற்றவியல் சட்டத் திருத்தத்தை இங்கே கொஞ்சம் தட்டி நீட்டியதுதான்.

கோபாலன் கண்ணூர்ப் பக்கத்து மலையாளி. மலபார் அப்போது நம்மோடு இருந்தது. 1941இல் வேலூர்ச் சிறையிலிருந்து தப்பி ஓடிய ஆள். 1947 டிசம்பரிலிருந்து உள்ளேதான் இருந்தார். அவர்மேல் போட்ட கிரிமினல் வழக்குகளின் தண்டனைகள் ரத்தாயின. ஆனாலும் காவல் உத்தரவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. அவருக்காக எம்.கே. நம்பியார் உச்சநீதிமன்றத்தில் வாதாடினார். 1950 மே 19 அன்று தீர்ப்பு. ஆறு நீதிபதிகளில் பெரும்பான்மையினர் சொன்னது: சட்டசபை முறையாகப் போட்ட சட்டம் இருந்தால் போதும், அந்தச் சட்டம் நியாயமானதா என்று கோர்ட்டு துருவவேண்டியதில்லை, ஒவ்வொரு உரிமையும் தனித்தனி அறை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கதவு கிடையாது. ஃபஸல் அலி ஒப்பவில்லை. மகாஜனும் வேறு காரணம் சொல்லி விலகினார். கோபாலன் தோற்றார்.

தோற்ற வழக்குதான் என்றாலும் அதில் ஒரு மூலையில் கிடைத்த வெற்றியை நான் பெரிதாக நினைக்கிறேன். அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? தன்னை எதற்காகப் பிடித்திருக்கிறார்கள் என்று கைதிக்குக் காகிதம் கொடுப்பார்கள். அந்தக் காகிதத்தில் இருப்பதை அவன் கோர்ட்டில் சொன்னால் குற்றம்! நீதிபதி அதைக் கேட்கவும் கூடாது. வழக்கைத் தள்ளிய அதே நீதிபதிகள் இந்தப் பிரிவை மட்டும் ஒருமனதாக அடித்துப்போட்டார்கள். காகிதம் வெளியே வந்தது. அந்தக் காகிதத்தை வைத்துத்தான் பின்னாளில் என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு வேலையே ஓடியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு வாரம் கழித்து, மே 26 அன்று, 'கிராஸ் ரோட்ஸ்' வழக்கில் தாப்பர் ஜெயித்தார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. பச்சையப்பன் கல்லூரி சம்ஸ்கிருதப் பண்டிதரின் மகன், சென்னை ஹைகோர்ட்டிலிருந்து டில்லிக்குப் போனவர். பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அன்றைய அரசமைப்புச் சட்டம் கொடுத்த காரணங்களில் ராஜ்யத்தின் பாதுகாப்பு உண்டு, பொது ஒழுங்கு கிடையாது. சென்னைச் சட்டமோ பொது ஒழுங்கு என்ற பெரிய கோணியில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டப் பார்த்தது. செல்லாது என்றார் சாஸ்திரி. அதே நாளில் டில்லி 'ஆர்கனைசர்' பத்திரிகையின் மீதான முன்தணிக்கை உத்தரவும் விழுந்தது. ஒன்று இடது கோடி, மற்றது வலது கோடி. இரண்டு வழக்கிலும் ஃபஸல் அலி மாறுபட்டு அரசின் பக்கம் நின்றார். ஒரு வாரத்துக்கு முன் கோபாலன் பக்கம் நின்ற அதே ஃபஸல் அலி! ஒரு நீதிபதியை ஒரு தீர்ப்பை வைத்து எடைபோடக் கூடாது என்பார் எங்கள் சீனியர்.

ராவ் வழக்கு நம் கட்டடத்திலேயே நடந்தது. தலைமை நீதிபதி பி.வி. ராஜமன்னார் தலைமையில் மூன்று நீதிபதிகள் கேட்டு, 1950 செப்டம்பரில் தடையை ரத்து செய்தார்கள். (மத்திய–மாநில உறவு பற்றி 1969இல் கலைஞர் அரசு அமைத்த குழுவுக்குத் தலைவரானவர் இதே ராஜமன்னார்தான்.) அரசு ஒரு சங்கத்தை ஆபத்தானது என்று நினைத்தாலே போதும், அது ஆபத்தானதுதானா என்று கோர்ட்டு பார்க்க வழியே இல்லை என்று வைத்திருந்ததுதான் சட்டத்தின் ஓட்டை. 1952 மார்ச் 31 அன்று உச்சநீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. எழுதியவர் மறுபடி பதஞ்சலி சாஸ்திரி, இம்முறை தலைமை நீதிபதியாக. ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்று அளக்க அவர் அங்கே வகுத்துக் கொடுத்த முறையை, இன்றைக்கும் கோர்ட்டில் மேற்கோள் காட்டாத வாரம் இருக்காது.

இந்த மூன்று பேரையும் சேர்த்துப் பாருங்கள். கோபாலன் கம்யூனிஸ்டு. தாப்பர் அப்போது கம்யூனிஸ்டு. ராவின் சங்கம் கம்யூனிஸ்டுகளுக்குத் துணைபோகிறது என்பதுதான் அரசின் குற்றச்சாட்டு. நிலம், ஆலை, வங்கி எல்லாம் அரசின் கையில் இருக்கவேண்டும் என்ற கட்சி அது. அந்தக் கட்சி ஆட்சி நடத்திய நாடுகளில் இப்படி ஒரு மனுவை யாரிடம் கொண்டுபோய்த் தாக்கல் செய்வது? ஆனாலும் இந்தியாவில் அரசின் கைக்கு முதல் விலங்கு மாட்டப் போனவர்கள் அவர்கள்தான். அரசுக்கு வரம்பு வேண்டும் என்று தத்துவம் பேசியவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்?

ஒருவர் டில்லியில் உள்துறை அமைச்சராக இருந்தார். பட்டேல் 1950 டிசம்பரில் மறைந்ததும் அந்த நாற்காலிக்கு வந்தவர் ராஜாஜி. தடுப்புக்காவல் சட்டத்தை 1951இல் நீட்டித்தவர் அவர். எல்லாக் கைதிகளின் விஷயமும் ஆலோசனைக் குழுவுக்குப் போகவேண்டும் என்ற நல்ல மாற்றமும் அப்போது வந்தது, அதை மறைக்கக் கூடாது. ஜூன் மாதம் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறி, தாப்பர் வழக்கில் இல்லை என்று கோர்ட்டு சொன்ன பொது ஒழுங்கைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். சென்னை தோற்றதை டில்லி மீட்டுக்கொடுத்தது. கூடவே 'நியாயமான' என்ற ஒரு சொல்லையும் சேர்த்தார்கள். ராவ் வழக்கின் அளவுகோலுக்கு அது பின்னால் வேலை கொடுத்தது. அதே வருடம், அச்சகங்களிடம் ஜாமீன் தொகை கேட்க வழிசெய்த பத்திரிகைச் சட்டத்தையும் ராஜாஜிதான் கொண்டுவந்தார்.

அவருக்கு இது புதிதல்ல. சென்னை மாகாணப் பிரதமராக இருந்து 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, மறியல் செய்தவர்களை எந்தச் சட்டத்தின் கீழ் உள்ளே தள்ளினார்? காங்கிரஸே கருப்புச் சட்டம் என்று திட்டிக்கொண்டிருந்த கிரிமினல் சட்டத் திருத்தத்தின் கீழ். பெரியார் சிறைக்குப் போனார். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் காவலில் இருந்தபோதே இறந்தார்கள்.

இங்கே நிறுத்தினால் ராஜாஜிக்கு அநியாயம் செய்தவனாவேன். 1952 எங்கள் வீட்டில் நல்ல பெயரோடு நினைவிருக்கும் வருடம். இரும்புலியூர் அப்போது சைதாப்பேட்டைத் தாலுகாவில், செங்கல்பட்டு ஜில்லாவில் ஓர் ஏரிக்கரைக் கிராமம். பட்டணம் தனி எல்லை. யுத்த காலத்தில் தொடங்கிய ரேஷனும் கட்டுப்பாடும் யுத்தம் முடிந்த பின்னும் போகவில்லை. விளைந்த நெல்லில் வீட்டுக்கு இவ்வளவு என்று விட்டுவிட்டு மிச்சத்தைச் சர்க்கார் விலைக்கு அளந்துவிட வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர் குதிருக்குள் கையை விட்டுப் பார்ப்பாராம். பட்டணத்தில் கட்டிக்கொடுத்த அத்தைக்கு ஊர் அரிசி கொண்டுபோக, பாட்டி முருங்கைக்கீரைக் கட்டுக்குள் மூன்று படியை முடிந்துவைத்து ரயிலேறுவாள். ஸ்டேஷனில் சோதனைக்காரர்கள் நின்றால் கீரைக்காரி வேஷம். "நாம வெளயவச்ச அரிசிக்கு நாமளே திருடி ஆனோம்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் தேர்தலில் 375 இடத்தில் 152 மட்டும் பெற்ற காங்கிரஸ், திண்டாடி ராஜாஜியை அழைத்துவந்தது. ஆளுநர் அவரை மேலவைக்கு நியமித்தார். ஜனங்களிடம் அவர் ஓட்டுக் கேட்கவில்லை. அந்த நியமனத்தை எதிர்த்து கம்யூனிஸ்டு பி. ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போனார். மனு தள்ளுபடி ஆயிற்று. இப்படிப் பின்வாசலில் நுழைந்தவர் ஜூன் மாதம் செய்த காரியம், முன்வாசலில் வந்த எவரும் செய்யத் துணியாதது. உணவுக் கட்டுப்பாட்டை ஒரேயடியாக எடுத்துவிட்டார். அதிகாரிகள் பஞ்சம் வரும் என்று பயந்தார்கள். பதுங்கிக் கிடந்த அரிசி கடைக்கு வந்தது. பிற மாநிலங்களும் அந்த வழிக்கு வந்தன. பாட்டியின் முருங்கைக்கீரை மறுபடி வெறும் கீரை ஆனது.

அரசு விலகிக்கொண்டால் ஜனங்கள் சமாளித்துக்கொள்வார்கள் என்று ராஜாஜி பின்னாளில் எழுதிக் குவித்ததற்கெல்லாம் ஆணிவேர் இந்த ஜூன் மாதம்தான் என்பது என் எண்ணம். ஆனால் மனிதர் சீரானவர் இல்லை. அரிசிக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்றவர், வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே, ஆலைகள் நெய்யக்கூடாது என்று டில்லியிடம் கேட்டார். அடுத்த வருடம், கிராமத்துப் பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில் என்று யாரையும் கலக்காமல் ஒரு திட்டம் போட்டார். குதிருக்குள் கைவிடக் கூடாது என்றவர், பிள்ளை மத்தியானத்தில் என்ன செய்யவேண்டும் என்று உத்தரவிட்டார்! குலக்கல்வி என்று பெயர் வாங்கிய அந்தத் திட்டம் 1954இல் அவர் பதவியையும் கொண்டுபோயிற்று.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ், கூட்டுறவுப் பண்ணை என்று தீர்மானம் போட்டது. அதை எதிர்த்து ஜூன் 4ஆம் தேதி சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிப்பு வந்தது. ராஜாஜிக்கு வயது 80. என்.ஜி. ரங்கா தலைவர், மினு மசானி பொதுச்செயலாளர். லைசென்ஸ், பர்மிட், கோட்டா என்று எதற்கும் சர்க்கார் வாசலில் நிற்கவேண்டிய நிலையை ராஜாஜி தாக்கியது ஊர் அறிந்தது. அந்தக் கட்சியில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு: அடிப்படைக் கொள்கைகளில் சேராத எந்த விஷயத்திலும் உறுப்பினர் தன் மனம்போல் பேசலாம், ஓட்டுப் போடலாம். கொறடாவைக் கண்டு நடுங்கும் இன்றைய எம்.எல்.ஏ.க்களிடம் இதைச் சொன்னால் கதை என்பார்கள். ஆனால் மேடையில் இருந்தவர்கள் யார்? ராஜாக்கள், ஜமீன்தார்கள், ஆலை முதலாளிகள், நம் பக்கத்தில் மிராசுதார்கள். நில உச்சவரம்பு கூடாது என்பது அவர்கள் சுதந்திரம். எங்கள் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்களுக்கு அந்த சுதந்திரத்தில் பங்கு என்ன என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. பாட்டியிடம் இருந்தது ஏரிக்கு அடியில் துண்டு நிலம். அதனால் அவளுக்கு ராஜாஜி தெய்வம். எதிர்த் தெருவில் அவர் பெயரைச் சொன்னால் துப்புவார்கள்.

1967இல் காட்சி மாறிற்று. தி.மு.க. கூட்டணியில் சுதந்திராக் கட்சிக்கு சட்டசபையில் 20 இடம். நாடாளுமன்றத்தில் 44 பேரோடு அதுதான் மிகப் பெரிய எதிர்க்கட்சி. அதே கூட்டணியில் மார்க்சிஸ்டுகளும் இருந்தார்கள். ராஜாஜியின் நியமனத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போன ராமமூர்த்தி மதுரையில் ஜெயித்து டில்லி போனார். 1952இல் சட்டசபையில் கம்யூனிஸ்டுகளை முதல் எதிரி என்று முகத்துக்கு நேரே சொன்னவர் ராஜாஜி. பதினைந்து வருடத்தில் இருவருக்கும் பொது எதிரி கிடைத்துவிட்டான்.

ஆனால் அரசியல் கூட்டைவிட விசித்திரமான ஒரு கூட்டு சட்டப் புத்தகத்தில் நடந்தது. 1969 ஜூலையில் இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார். அதை எதிர்த்துப் போனவர் ஆர்.சி. கூப்பர், வங்கிப் பங்குதாரர், சுதந்திராக் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்தவர். கோபாலனின் கட்சிக்கு அந்த நாட்டுடைமை பால்பாயசம். 1970 பிப்ரவரி 10 அன்று 11 நீதிபதிகளில் 10 பேர் கூப்பர் பக்கம். அங்கே அவர்கள் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: உரிமைகள் தனித்தனி அறைகள் அல்ல, அரசு என்ன நோக்கத்தில் செய்தது என்பதைவிட, அந்தச் செயல் மனிதனின் உரிமையில் எங்கே வந்து விழுகிறது என்பதைப் பார்க்கவேண்டும். கோபாலனை 1950இல் தோற்கடித்த வாதம் அன்றோடு செத்தது. முதலாளிகளின் பங்குக்காகச் சுதந்திராக் கட்சிக்காரர் ஒருவர் போட்ட வழக்கில், சிறையில் கிடந்த கம்யூனிஸ்டுக்கு இருபது வருடம் தாமதமாக நியாயம் கிடைத்தது. வங்கிகள் என்னவோ திரும்பவில்லை. நாலே நாளில் புது அவசரச் சட்டம் வந்துவிட்டது. 1978 மேனகா காந்தி வழக்கில், சட்டம் இருந்தால் போதாது, அது நியாயமாகவும் இருக்கவேண்டும் என்று கோர்ட்டு இன்னும் ஒரு படி ஏறியது. நடுவில் நெருக்கடி நிலை வந்து, 1976இல் அதே உச்சநீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவுக்கே கதவைச் சாத்தியதும் நடந்தது. நேர்கோட்டில் எதுவும் ஏறவில்லை.

ஒரு குடும்பச் சேதி. கோபாலனுக்காக அரசை எதிர்த்து வாதாடித் தோற்ற நம்பியாரின் மகன் கே.கே. வேணுகோபால். 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்று ஒன்பது நீதிபதிகள் கேட்டபோது, அட்டர்னி ஜெனரலாக இருந்து, இல்லை என்று அரசுக்காக வாதாடியவர் அவர். அவரும் தோற்றார். வக்கீல் தொழிலில் இதையெல்லாம் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

தடுப்புக்காவல் சட்டம் 1969 முடிவோடு காலாவதியாகி, மிசா வந்து போய், 1982இல் தமிழ்நாட்டுக்கென்று ஒரு சட்டம் வந்தது. நீளமான பெயர், ஊரில் எல்லோருக்கும் குண்டர் சட்டம். சாராயம் காய்ச்சுகிறவர்களில் தொடங்கி, திருட்டு வீடியோ விற்கிறவர் வரை பின்னால் சேர்த்துக்கொண்டே போனார்கள். விசாரணை இல்லாமல் ஒரு வருடம் உள்ளே. தடுப்புக்காவலில் வைப்பதில் தமிழ்நாடு பல வருடங்கள் நாட்டிலேயே முன்வரிசை. 2022 ஜனவரியில் தாம்பரத்துக்குத் தனிப் போலீஸ் கமிஷனர் வந்த பிறகு எங்கள் பக்கத்து உத்தரவுகளில் அந்த ஆபீஸின் முத்திரை.

இந்த உத்தரவுகளை எதிர்த்துப் போடும் ஆட்கொணர்வு மனுக்களை ஹைகோர்ட்டில் எச்.சி.பி. என்போம். பெரும்பாலும் தாய்தான் மனுதாரர். பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து என் வீட்டு வாசலுக்கே வந்து, "அண்ணே, பையன குண்டாஸ்ல போட்டுட்டாங்க" என்று நிற்பார்கள். பையன் செய்தானா இல்லையா என்று நான் கேட்பதில்லை. முதலில் புக்லெட்டைக் கொடும்மா என்பேன். எதற்காகப் பிடித்தோம் என்ற காரணமும் அதற்கான ஆவணங்களும் சேர்ந்த கட்டு அது. ஐந்து நாளுக்குள் கைதியிடம் கொடுத்தாக வேண்டும். கோபாலன் வழக்கில் 14ஆம் பிரிவு போகாதிருந்தால் அதை வெளியே காட்டுவதே குற்றமாகியிருக்கும். நான் பக்கம் பக்கமாகப் புரட்டுவேன். ஜெராக்ஸ் எந்தப் பக்கத்தில் கறுத்துப் படிக்க முடியாமல் இருக்கிறது, எந்த ஆங்கில உத்தரவுக்குத் தமிழாக்கம் வைக்கவில்லை, குடும்பம் கொடுத்த முறையீடு எத்தனை நாள் மேஜையில் தூங்கியது என்று குறித்து சீனியரிடம் கொடுப்பேன். கைதி புரிந்து பதில் சொல்ல முடியாத காகிதத்தைக் கொடுத்தது கொடுக்காததற்குச் சமம் என்று எத்தனையோ உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன. ஆனால் மனு வாதத்துக்கு வருவதற்குள் ஐந்தாறு மாதம் ஓடிப்போயிருக்கும். பையன் அத்தனை நாளும் புழல் சிறையில்.

இதை டெக்னிக்கல் கிரவுண்டு என்று அலட்சியமாகச் சொல்கிற வக்கீல்கள் உண்டு. எங்கள் சீனியருக்கு அந்தச் சொல் பிடிக்காது. இப்போது நான் போவதில்லை. என் இடத்துக்கு வந்த பையன் எப்போதாவது போன் செய்வான். புக்லெட்டை இப்போதெல்லாம் தெளிவாக அச்சடித்துத் தமிழாக்கத்தோடு கொடுத்துவிடுகிறார்கள் அண்ணே, பிடிக்கிற மாதிரி ஒன்றும் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொண்டான். தேதிகளைப் பார், முறையீட்டின் தேதியையும் பதிலின் தேதியையும் எண்ணிப் பார் என்றேன்.